பதினேழுக்கு மேல் ஈரம்

பதினேழுக்கு மேல் ஈரம் காட்டினால்
எடுக்க மாட்டேன்.
சொந்தச் சித்தப்பா நெல்லானாலும்
களத்தில் கொட்டி இன்னொரு வெயில் காட்டச் சொல்வேன்.
கோட்டூர் பக்கம், கொள்முதல் நிலையத்தில்,
என் குத்தூசிக்கு ஒரு பேர் உண்டு.
வாய்ப்பக்கம் உலர்ந்ததைப் பரப்பி
அடியில் பதரும் பச்சையும் கட்டி வருவார்கள்.
நான் அடியில் குத்துவேன்.
ஒரே மூட்டையை இரண்டு தரம் தராசில் ஏற்றிய வியாபாரியை
வாய் தைத்த நூலின் நிறம் பார்த்துப் பிடித்தவள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
இனி வருவதைக் கேட்டுவிட்டு யாரும்
பாவம், விவரம் தெரியாத பிள்ளை என்று
உச்சுக்கொட்டக் கூடாது.

குறுவை முடிந்து சம்பா வருமுன்
சாக்கு அடுக்கின் மேல் உட்கார்ந்து
கைப்பேசியில் எழுதத் தொடங்கினேன்.
முறைத்தண்ணீர் கடைமடைக்கு வந்துசேரும் இரவு,
டார்ச் வெளிச்சத்தில் நண்டு வளை அடைக்கும் ஆட்கள்.
பதினோரு பேர் படித்தார்கள்.
நான்கு பேர் சொந்தம்.
ஒன்று, கடன் தருகிற கம்பெனி.

மூன்றாம் மாதம் ஒரு குரல்:
“எழுத்தாளர் தையல்நாயகி அவர்களா?”

எழுத்தாளர்.

அதற்கப்புறம் எதையும்
குத்திப் பார்க்கத் தோன்றவில்லை.
வாய்ப்பக்கம் அந்த ஒரு சொல்
பொன்னாகப் பரப்பியிருந்தது.
பேரவையாம். தேர்வுக்குழுவாம். ஒருமனதாம்.
பதிவுக்கு மூவாயிரத்து ஐந்நூறு,
தொகுப்பு நூலில் இடம்பெற
இருபது பிரதிக்கு முன்பணம்.
“சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தாம்மா,
இன்னொருத்தர் காத்திருக்கார்.”

ஆறு மணி வரை.
மழை திரண்டு நிற்கும்போதுகூட
ஒரு விவசாயியின் அவசரத்துக்கு
நான் ஊசியைக் கீழே வைத்ததில்லை.
ஐந்து ஐம்பத்தைந்துக்குப் பணம் அனுப்பினேன்.
கம்மல் எங்கே என்று
வீட்டில் இன்னும் கேட்கவில்லை.

மன்னார்குடியில் ஒரு கல்யாண மண்டபம்.
முந்தின நாள் வாழைமரம் வாசலிலேயே நின்றது.
இருநூற்றுப் பதினாறு பேர்,
எல்லோருமே அந்த ஆண்டின் சிறந்தவர்கள்.
வலங்கைமானிலிருந்து ஓய்வுபெற்ற கண்டக்டர்,
பேரன் பேத்தி ஒரு வேன் நிறைய.
எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்,
படம் எடுத்தார்கள்.
மேடையை விட்டு இறங்குகிற இடத்தில் ஒரு பையன்,
“மடிச்சுத் தர்றேங்க்கா” என்று வாங்கிக்கொண்டான்.

பதினான்கு பேர் தாண்டி
கண்டக்டர் தோளில் அதே பொன்னாடை.
ஓரத்தில் அதே சாம்பார்க் கறை.

நூலின் நிறம் பார்த்துப் பிடிக்கிறவள்
எழுந்து நின்று கைதட்டினேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
அவர் முகம் அப்படி இருந்தது.

சான்றிதழில் நான் தயல்நாயகம்.
தொகுப்பு வரவில்லை.
அந்த எண்ணில் இப்போது
ஒரு பெண் குரல், உபயோகத்தில் இல்லை என்கிறது,
இரண்டு மொழியிலும், மரியாதையாக.

தை மாதம்,
ஆதிச்சபுரத்து ஜெபமாலை நெல்லோடு வந்தார்.
வரிசையில் நின்றபடியே கேட்டார்:
“நண்டு வளையை வைக்கோலால அடைப்பாங்கன்னு
எழுதினது நீதானே?
வைக்கோல் நிக்காதும்மா. விடியிறதுக்குள்ள பிச்சுக்கிட்டுப் போயிடும்.
களிமண்ணுல கோரையைச் சேத்துப் பிசையணும்.”

இதற்குக் கட்டணம் கேட்கவில்லை.
எழுத்தாளர் என்றும் சொல்லவில்லை.
எனக்குச் சுள்ளென்று கோபம்.
அவர் மூட்டையில் ஐந்து இடத்தில் குத்தினேன்.
பதினாறு புள்ளி எட்டு.
எடுத்துக்கொண்டேன், வேறு வழியில்லை.

அன்றிரவு வைக்கோலை அடித்துவிட்டுக்
களிமண் என்று எழுதினேன்.
படித்தவர்கள் இப்போது பன்னிரண்டு.

கேடயத்தைத் தூக்கிப் போடவில்லை.
மேஜை மேல்தான் கிடக்கிறது.
வாடைக்காற்றில் எடைச்சீட்டுகள் பறக்காமல்
அமுக்கி வைக்க ஆகிறது.
கனமானதுதான்,
பொய் சொல்லக் கூடாது.