உப்புப் பார்க்கிறவன்

சந்தூக்கு சுவரில் சாய்ந்து ஓயாத
ஒரு மாதம் இருந்தது எங்களுக்கு.
புதுவயல் ஆலையில் சங்கு ஊதினால்கூட
யாருக்கு என்று கேட்டோம்.

அந்த மாதம் போனவர்களில் ஜெயிலானி ராவுத்தர் ஒருவர்.
முப்பத்தொன்பது ரமலான் கஞ்சி காய்ச்சியவர்.
நோன்போடு நிற்பார், நாக்கில் சொட்டும் படாது,
ஆவியில் முகத்தைக் காட்டி
'இன்னும் ஒரு கைப்பிடி' என்பார்.
சரியாக இருக்கும்.
எப்படி என்று யாரும் கேட்டு வைக்கவில்லை.
இருக்கிறவரிடம் எவன் கேட்பான்?

பிறகு மோதினார் மகனோடு திருப்பூர் போனார்.
பாங்கு சொல்ல ஆள் மாற்றி ஆள்.
முதல் வரிசையே நிறையாத தொழுகைகள்.
அடுப்பில் பூனை உறங்குகிறது என்பார்களே,
எங்கள் கஞ்சிக் கொட்டகை அடுப்பில்
அது குட்டியே போட்டது.
இரண்டு ரமலான் இப்படி.

மூன்றாம் வருஷம், பிறை தெரிந்த இரவு,
ஆலையில் குருணை புடைக்கும் ஹபீபா
மூன்று பெண்களோடு வந்து
'சாவியைக் கொடுங்க' என்றாள்.
பெண்கள் கால் வைத்ததில்லை அந்தக் கொட்டகையில்.
தலைவர் தாடியைத் தடவினார்,
சாவியைத் தடவினார்,
கொடுத்தார்.

முதல் நாள் கஞ்சி, கடல்.
இரண்டாம் நாள், குளம்.
மூன்றாம் நாள் தூக்குவாளியைத் திறந்த பிள்ளைகள்
சத்தமில்லாமல் மூடினார்கள்.
யாரும் குறை சொல்லவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

என் சங்கதி வேறு.
காலையில் ஊசி, இரவில் ஊசி.
பட்டினி கூடாதென்று டாக்டர் சொல்லி ஆறு வருஷம்.
சைக்கிள் கடை ஷட்டரை முக்கால் இறக்கி,
பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
திருடனைப் போல் இட்லி தின்பவன் நான்.
மாலையில் எல்லோரோடும் பேரீச்சம்பழம் எடுப்பேன், பாதி.
அந்தப் பாதி தொண்டையில் நிற்கும்.

நாலாம் நாள், மூன்றரை மணி.
ஷட்டருக்குக் கீழே
ஒரு கரண்டி நீண்டது, ஆவி பறக்க.
'அண்ணே, நீங்க சாப்பிடுறது தெரியும்.
ஊருக்கே தெரியும்.
உப்புப் பாருங்க.'

ஊதிக் குடித்தேன்.
கண்ணில் நீர் வந்தது, சூட்டினால்தான்.
'குறைவு' என்றேன்.
கரண்டி போய்விட்டது.

மறுநாள் ஷட்டரை முழுக்கத் திறந்து வைத்துச் சாப்பிட்டேன்.

இப்போது கொட்டகையில் எனக்கொரு முக்காலி.
என் நாக்கை வக்ஃபு செய்துவிட்டார்கள்
என்று தலைவர் சிரிக்கிறார்.
பூனைக்கு மூலையில் சாக்கு விரித்தாயிற்று.
பூட்டிய பெரிய வீட்டைக் காவல் காக்கும் சின்னையா
இரண்டு தூக்கு வாங்குகிறார், ஒன்று ராத்திரிக்கு.
கஞ்சி ஜெயிலானி கஞ்சி போல இல்லை;
ஹபீபா வெந்தயத்தை அள்ளிப் போடுகிறாள்.
கசக்கிறது என்றால்
'கசக்கட்டும், அண்ணே' என்கிறாள்.
அவள் அத்தாவும் அந்த மாதத்தில்தான் போனார்.

நேற்று நான் போகும்போது
ஆவிக்குள் முகத்தை விட்டுக் கண்மூடி நின்றிருந்தாள்.
'போதும்' என்றாள், என்னைக் கேட்காமலே.
குடித்துப் பார்த்தேன்.
சரியாக இருந்தது.
முக்காலியை நினைத்துக்கொண்டு
'ஒரு சிட்டிகை' என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.
உப்புச் சாடிப் பக்கம் போகாமல்
தேக்சாவின் மேல்
வெறும் விரல்களை
மெதுவாக உதறினாள்.