இருபத்தாறு லீற்றர்

மாதத்தின் மூன்றாம் செவ்வாய், சீனி கிளினிக்.
பஸ்மிலா மிஸ் கல்குலேற்றரைத் தட்டுகிறா.
"நிறை அறுபத்து நாலு, உயரம் நூற்று அறுபத்தைந்து,
வயது ஐம்பத்திரண்டு. என்ன வேலை ஐயா?"
சீனன்குடாவில் மா மூட்டை, என்றேன்.
"இப்பவுமா?"
இல்லை. இப்போது அதே ஆலையின் படலையில்
லொறி நம்பர் எழுதுகிறேன். கதிரை தந்திருக்கிறார்கள்.

கதிரை என்றதும் அவவின் பேனை
பட்டியலில் நாலு வரி இறங்கிவிட்டது.
"அப்ப ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது. ஒரு நாளைக்கு."

மூட்டை தூக்கிய காலத்தில்?
இருபத்தெட்டு வயதைப் போட்டுத் தட்டினா.
மூவாயிரத்து ஐந்நூறு.
மற்றப் பாதி ஆளை
எங்கே இறக்கிவிட்டு வந்தேன்?
வயிற்றுக்கு ஒருவரும் அறிவித்தல் அனுப்பவில்லை.
அது இன்னும் பகல் பன்னிரண்டுக்கு
முதுகு நிறைய மாத்தூளோடு வந்து
சோறு எங்கே என்கிறது.

கலோரி எண்டா என்ன மிஸ்?
வெளியே இருபது பேர் கொப்பியோடு காத்திருக்க
அவ பேனையை வைத்தா.
"ஒரு லீற்றர் தண்ணியை ஒரு பாகை சூடாக்கிற நெருப்பு.
உங்கட ஒரு நாள் நெருப்பில
பைப் தண்ணி இருபத்தாறு லீற்றர் கொதிக்கும்."

கன்னியாவில் ஏழு கிணறு.
வாளி விட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு.
அடியில் ஆர் ஊதுகிறான் என்று கேட்டதில்லை.
எட்டாவது கிணறு
ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தது.

"சும்மா படுத்துக் கிடந்தாலும் இருபது லீற்றர் போகும்,
இதயத்துக்கு, ஈரலுக்கு, மூச்சுக்கு.
மிச்சம் ஆறுதான் நீங்கள் செய்யிற வேலை."
ஆறு லீற்றர்.
லொறி நம்பர், மனேச்சருக்கு எழும்பி நிற்பது,
விலைவாசியைத் திட்டுவது,
எல்லாம் அதற்குள்.

பஸ் நிலையத்தில் ஒரு மான்
பணிஸ் சுற்றிய கடதாசியை மென்றுகொண்டு நின்றது.
அதற்கு ஆரும் தட்டிச் சொல்லவில்லை.
மூதூர் பஸ் இரண்டு போயிற்று. என்னுடையது வரவில்லை.
மிஸ் தந்த துண்டில் கணக்குப் போடும் முறை அச்சிட்டிருந்தது.
ஆணென்றால் ஐந்து கூட்டு, பெண்ணென்றால் இத்தனை கழி.
சும்மாதான்,
திலகேஸ்வரியைப் போட்டுப் பார்த்தேன்.

நிறை நாற்பத்தேழு, போன காய்ச்சலுக்கு நிறுத்தது.
உயரம், என் தோளுக்குச் சற்றுக் கீழே.
வயது நாற்பத்தெட்டு.
வேலை: நாலு மணிக்கு அடுப்பு,
உப்புவெளி விடுதியில் பதினொரு அறை, இரண்டு மாடி,
ஈரத் துவாய்களின் பாரம்,
வந்தால் கிணற்றடி, மறுபடி அடுப்பு.
எனக்குப் பெருக்கத் தெரியும். மூட்டை எண்ணிய கை.

ஆயிரத்து எண்ணூற்றுப் பத்து.

இன்னொரு தரம் பெருக்கினேன். அதேதான்.
எங்களிருவருக்கும் வித்தியாசம் நாற்பது,
ஒரு பிளேன்ரீக்குப் போடுகிற சீனி.

இருபத்து மூன்று வருசமாக
எனக்கு இரண்டு குழல் பிட்டு, ஆறு சூடை மீன்.
அவளுக்குச் சட்டியில் ஒட்டியதும் சொதியும்.
பிறகு எந்த நெருப்பில்
அந்தப் பதினொரு அறையும் வெளுத்தன?
நான் எழுதாத லொறி ஒன்று
தினமும் என் படலையால்தான் போயிருக்கிறது,
பாரத்தோடு.

இரவு இரண்டு தட்டையும் நான் போட்டேன்.
பிட்டை நடுவால் வெட்டி, மீனை எண்ணி.
அவள் தட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.
"பெரிய டொக்டர் ஏதும் சொன்னவரோ?
ஒளிக்காமச் சொல்லுங்கோ."
புறங்கையை என் நெற்றியில் வைத்தாள்.
சூடாகத்தான் இருந்திருக்கும்.
ஒண்டுமில்லை, சாப்பிடு, என்றேன்.

கை கழுவிவிட்டு வந்து பார்க்கிறேன்,
ஒரு மீன் என் தட்டுக்குத் திரும்பியிருக்கிறது.

தேத்தண்ணிக்குச் சீனி போடவில்லை.
நாற்பது.