துகள் கணக்கு

பாயான் லெப்பாஸில் என் வேலை
காற்றை எண்ணுவது.
தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு,
கண் மட்டும் வெளியே.
ஒரு கன அடிக் காற்றில்
நூறு துகளுக்குமேல் போனால்
சிவப்பு விளக்கு எரியும், லைன் நிற்கும்,
சூப்பர்வைசர் ஓடி வருவார்.
பவுடர் பூசி வந்த பெண்ணை
வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.
சில்லுகளுக்கு மூச்சு முட்டிவிடக் கூடாது.

இரவு ஷிஃப்ட் முடிந்து
ஃபேக்டரி பஸ் ஜெலுத்தோங்கில் இறக்கிவிடும்.
ஒன்பதாம் மாடி. லிஃப்ட் ஓடினால் அதிர்ஷ்டம்.
கதவைத் திறந்ததும் முதலில் வருவது வாடை:
நனைந்த அட்டைப்பெட்டி,
காயாத பள்ளிக் காலுறை,
மூடிவைத்து மறந்த சோறு.

தர்னேஷின் கட்டிலோரச் சுவர்
நவம்பரில் பூத்தது.
முதலில் மிளகுத்தூள் தூவியதுபோல்.
பிறகு புள்ளிகள்
ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொண்டன.
பூத்தது என்றுதான் நாம் சொல்கிறோம்,
இதற்குப் போய் அந்தச் சொல்லை
யார் கொடுத்தார்களோ.

கிளினிக்கில் டாக்டர் கேட்டார்:
வீட்டில் பூனை உண்டா? கம்பளம்?
யாராவது சிகரெட்?
இல்லை, இல்லை, இல்லை.
பூனை அவன் நெஞ்சுக்குள் இருந்தது.
இரண்டு மணிக்குமேல் கத்தும்.
ஆஃப் இரவுகளில் நான் கேட்பேன்,
மற்ற இரவுகளில் என் தங்கை.
சுவர் எப்படி என்று அவர் கேட்கவில்லை.
எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

வீட்டுக்காரர் பெயிண்டரை அனுப்பினார்.
கறுப்பின்மேல் வெள்ளை.
முப்பத்தோரு நாள் தாங்கியது.
குளோராக்ஸ் ஊற்றித் தேய்த்தேன்,
அன்று இரவு மூவருமே இருமினோம்.
மேல்வீட்டு ரொஹாயாவின் குழாய் ஒழுகுகிறது என்றார்கள்.
வாய் நிறையச் சண்டையோடு ஏறினேன்.
கதவைத் திறந்தவர் கையில் தேய்க்கும் பிரஷ்.
ஒன்றும் பேசாமல் தன் கூரையைக் காட்டினார்.
இருவரும் அண்ணாந்து நின்றோம்
பதினோராம் மாடியைப் பார்த்து.

நேற்றுக் கட்டிலை இழுத்துப்போட்டபோதுதான்
பார்த்தேன்.
கறையின் விளிம்பைச் சுற்றிப் பென்சில் கோடு,
பக்கத்தில் தேதி.
அதற்கு வெளியே இன்னொரு கோடு, இன்னொரு தேதி.
எட்டு வாரம்,
ஞாயிறு தவறாமல்.
கடைசிக் கோடு தலையணை உயரத்தில்.
எந்த விளக்கும் எரியவில்லை.

"ஏன்டா சொல்லல?"
"நீங்க தூங்கிட்டு இருந்தீங்க."

இன்று எனக்கு ஆஃப்.
ஹாலில் பாய் விரிக்கிறோம், ஜன்னலோரம்.
மூச்சுக்குழலை அவன் மறந்துவிட்டான்,
நான் போய் எடுத்துவந்தேன்.
பென்சிலை மட்டும்
மறக்காமல் கொண்டுவந்திருக்கிறான்.