கம்ப்ரசர் ஓடாத இரவு

புயல் கரை கடந்த மூன்றாம் நாள்.
துய்மா வீதியில் சாய்ந்து கிடந்த வேப்பமரத்தை
டூல் பாக்ஸோடு ஏறித் தாண்டினேன்.
"குப்புராஜ், ஏதாச்சும் செய்" என்றார்
சீஸ் கடை செலஸ்தின் அம்மா.
கரண்ட் இல்லாத கம்ப்ரசருக்கு
நான் எங்கே நாடி பிடிப்பது?
ஜெனரேட்டரும் டீசல் தீர்ந்து
நேற்றே வாயை மூடிவிட்டது.
குளிர் அறைக் கதவைத் திறந்தேன்.
ஒரு நெடி வந்து
சட்டைக் காலரைப் பிடித்தது.

பால் திரிந்தால் முகம் சுளித்துச்
சாக்கடையில் ஊற்றும் வீட்டில் பிறந்தவன் நான்.
திரிந்ததற்கு உப்பிட்டு, துணி சுற்றி,
மாதக்கணக்கில் இருட்டில் உட்காரவைத்து
உச்சந்தலையில் விலைச்சீட்டும் குத்துகிறார்கள்.
பதினோரு வருடமாக இங்கே சர்வீஸ் பார்க்கிறேன்,
ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை.

"விடிஞ்சா எல்லாம் போயிடும்.
போறதுக்குள்ள தின்னுடலாம்."
அம்மா கத்தியை எடுத்தார்.
கம்பத்திலிருந்து இறங்கிய இரண்டு லைன்மேன்கள்,
இலை கூட்ட வந்த அஞ்சலாட்சி,
எதிர் ஓட்டல் வாட்ச்மேன் தமாங்,
நான்.
ஒரு மெழுகுவர்த்தி.

முதலில் மோசரெல்லா.
தண்ணீரில் உரித்த நுங்காய் மிதந்தது.
ருசி என்று ஒன்றுமில்லை,
இதோ வரும், இதோ வரும் என்ற நம்பிக்கை மட்டும்.
அஞ்சலாட்சி ஊறுகாய் கேட்டாள்.
அம்மா எதுவும் சொல்லாமல் எடுத்து வந்தார்,
தானும் தொட்டுக்கொண்டார்.

பிரீ, புழுக்கத்தில் நெகிழ்ந்து
கத்தியோடு கூடவே வந்தது,
இன்னொரு மாதம் தவணை தந்த
வட்டிக்காரர் மாதிரி.

ஆட்டுப்பால் உருண்டைக்கு உடம்பெல்லாம் சாம்பல்.
"திருநீறா?"
"சாம்பல்தான். புளிப்பை அடக்கும்."
"அப்ப சைவம்" என்று
சின்ன லைன்மேன் இரண்டாய் எடுத்துக்கொண்டான்.

நாள்பட்ட கூடாவில்
கருப்பட்டி வாசனை, பல்லில் நறநறவென்று ஏதோ.
தமாங் சிரித்தான்:
"எங்க ஊர்ல இதைக் கல்லாக்கிடுவாங்க.
காலைல வாயில போட்டா
சாயங்காலம் வரைக்கும் பேச்சு இல்ல."

நீலம் ஓடியதை
முழங்கை நரம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.
நாக்கில் முதலில் சோப்பு.
பிறகு கடல்.
பிறகு, எனக்கே ஆச்சரியம்,
இன்னும் கொஞ்சம் என்று நீண்ட கை
என்னுடையது.

கடைசியாக ஒரு தகர டப்பா,
அதற்குள் இன்னொரு டப்பா,
அதற்குள் செங்கல் நிறத்தில் பிசுபிசுவென்று ஒன்று.
திறந்ததும்
மெழுகுவர்த்திகூட ஒதுங்கி எரிந்தது.
எல்லோரும் ஓரடி பின்வாங்க,
பெரிய லைன்மேன் தேசிங்கு மட்டும் நெருங்கி உட்கார்ந்தான்.
தேவனாம்பட்டினத்தான்.
"நெத்திலி காயப்போட்ட பாயில படுத்து வளந்தவன் நானு."
பாதியைத் தின்றான். கண்ணை மூடினான்.
"நாத்தம் மூக்கோட நின்னுடுது.
உள்ள போனது வேற ஆளு."

இரண்டு பத்துக்குக் கரண்ட் வந்தது.
கம்ப்ரசர் ஒரு விக்கல் விக்கி ஓடத் தொடங்கியது.
வெளிச்சத்தில்
விலைச்சீட்டுகள் தெரிந்தன.
தேசிங்கு ஒன்றைப் படித்தான்.
தின்றதைக் கிராமில் பிரித்து
தன் சம்பளத்தில் எத்தனை நாள் என்று
உதடு அசையக் கூட்டினான்.
அதன்பின் யார் கையும் தட்டுக்குப் போகவில்லை.
தமாங் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டான்.

செலஸ்தின் அம்மா போய்
விளக்கை மட்டும் அணைத்துவிட்டு வந்தார்.

இரண்டு நாள் கழித்து
லாஸ்பேட்டையில் ஒரு பிரிட்ஜ் வேலை.
டூல் பாக்ஸைத் திறந்தேன்.
ஸ்பேனருக்கும் கேஸ் மீட்டருக்கும் நடுவே
காகிதத்தில் மடித்த செங்கல் நிறத் துண்டு.
வீட்டுக்காரம்மா முந்தானையால் மூக்கை மூடி
"எலி ஏதும் செத்துக் கிடக்கா?" என்றார்.

"இல்லம்மா" என்றேன்,
"பால்தான்."