சுழி

புன்டா அரேனாஸில்
காற்றடிக்கும் நாளில் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
அதைப் பிடித்துக்கொண்டுதான் சனிக்கிழமை வகுப்புக்கு வருவோம்.
பன்னிரண்டு பேர், ஒன்பது கணினி.
ஒன்றில் இடைவெளி விசை உடைந்துபோனது,
எழுதுவதெல்லாம் ஒட்டிக்கொண்டே வரும்.
யெசேனியா ஓயார்சூனுக்கு எப்போதும் அதுதான் வாய்க்கும்.
தம்பியைக் குளிப்பாட்டிவிட்டு வருகிறவளுக்கு
வேறென்ன மிஞ்சும்?

நாங்கள் செய்தது ஒரு காற்றுமானி.
நான்கு தயிர்க் கிண்ணம், பழைய சைக்கிள் அச்சு,
சுற்றுக்கு ஒருமுறை கடந்துபோகும் காந்தம்.
கூரையேறிக் கட்டியவன் நான்.
முடிச்சு சரியில்லை என்பதை
இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

செப்டம்பரில் ஓர் இரவு
ஊரே தகரமாய் அலறியது.
காலையில் பார்த்தால்
எண்கள் ஏறி ஏறி நூற்றுப் பதினெட்டு,
அதன்பிறகு சுழி.
சுழி.
விடியும்வரை சுழி.
'காற்று இல்லை' என்று பச்சை எழுத்தில் வேறு.
எங்கள் கிண்ணங்கள் அந்நேரம்
நீரிணை தாண்டி எதிர்த்தீவுக்குப் போயிருக்கும்.

எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.
"இந்த ஊரில் சுழி என்றால்
காற்று இல்லை என்று அர்த்தமில்லை,
கருவி இல்லை என்று அர்த்தம்."
தட்டினாள்:
சுழிவந்தால்நம்பாதே.
சிவப்பில்காட்டுகருவியைக்காணோம்.

அக்டோபரில் புதுக் கிண்ணங்கள் ஏறின.
முடிச்சு இந்த முறையும் நான்தான்.

டிசம்பரில் பெற்றோர் வந்த நாள்.
நகராட்சி ஆள் ஒருவர், இரண்டு கேக்,
நாற்காலி போதவில்லை.
அன்று பார்த்துக் காற்று
ஊரைவிட்டே போயிருந்தது.
கம்பத்தில் கொடி
நனைந்த துணிபோல் ஒட்டிக் கிடந்தது.
திரை முழுக்கச் சிவப்பு:
கருவியைக் காணோம் கருவியைக் காணோம்

எனக்குக் காது சுட்டது.
யெசேனியா எழுந்து வெளியே போனாள்.
கூரையில் காலடி.
நண்டுப் படகிலிருந்து நேரே வந்திருந்த அவள் அப்பா
தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணாந்தார்.

கொஞ்ச நேரம் எதுவுமில்லை.
பிறகு திரையில்
ஒன்று.
அழிந்தது.
மறுபடி ஒன்று, இரண்டு,
மூன்றைத் தொடப்போய்த் தொடாமல்...

கிண்ணத்தின்மேல் குனிந்து
அவள் ஊதிக்கொண்டிருந்தாள்.

இறங்கி வந்தாள், முழங்காலில் துரு.
மூச்சு வாங்கியபடியே
எல்லோர் முன்னாலும் ஒரு வரியை அழித்தாள்.
சுழிவந்தால்ஏறிப்பார்.

கை தட்டினார்கள்.
ஏறிப் பார்க்கப்போகிறவன் யார் என்பது
பன்னிரண்டு பேருக்கும் தெரியும்.
நான் கேக் வெட்டப் போனேன்.