இடப்பக்கம் திருப்பும்போது மட்டும்

வண்டியை ஆறு அங்குலம் தூக்கியது நான்தான்.
யாரும் கேட்கவில்லை.
வயோமிங் காற்றுக்குக் கூரையைத் தாழ்த்திக் கட்டிய
ராலின்ஸ் ஊர் வீடுகளுக்கு நடுவே
என் பிக்கப் மட்டும்
ஆற்றைக் கடக்க வேட்டியை மடித்துக் கட்டினவன் மாதிரி நின்றது.
ஜனெல் ஏறுவதற்கு ஒரு பால் பெட்டி போட்டேன்.
அதை உதைத்துவிட்டுத் தொற்றி ஏறினாள்.

மூன்றாம் மாதம் வந்தது அது.
டொக்டொக்.
ஒற்றையாக ஒரு நாளும் இல்லை,
பிரித்தால் பொருள் தராத இரட்டைக்கிளவி.
இடப்பக்கம் திருப்பும்போது மட்டும்,
இருபது மைல் வேகத்துக்குக் கீழே,
பிரேக்கில் கால் வைத்தும் வைக்காமலும் இருக்கிற நொடியில்.
வலப்பக்கம் திருப்பினால் வாயைத் திறக்காது.

ஸ்வே பார் லிங்க்கைக் கழற்றிவிட்டு ஓட்டினேன்.
டொக்டொக்.
ஷாக் அப்சார்பருக்குப் புது ரப்பர் புஷ், நாற்பத்தொரு டாலர்.
டொக்டொக்.
லீஃப் ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவே கிரீஸ்.
பின்னால் கிடந்த ஜாக்கி, சங்கிலி, போன வருடத்து மான்கொம்பு
எல்லாவற்றையும் இறக்கினேன்.
இருக்கைக்கு அடியில் ஒரு சோடா டப்பா உருண்டது.
அகப்பட்டான் திருடன் என்று வீசி எறிந்து
அரை நாள் சந்தோஷமாக இருந்தேன்.

நட்டு ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பெயிண்டில் கோடு இழுத்தேன்,
நகர்ந்தால் கோடு உடையும் என்று.
ஒன்றும் உடையவில்லை.

நீயே கேள் என்று ஜனெலை ஏற்றிக்கொண்டு போனேன்.
மளிகைக்கடை வாசலில் ஒன்பது முறை
இடம் சுற்றினேன், செக்குமாடு போல.
வண்டி ஊமை.
தள்ளுவண்டி அடுக்குகிற பையன் கை அசைத்தான்.
"உனக்குத்தான் நட்டு கழன்றிருக்கிறது" என்றாள்.

அவள் எடைதான் மருந்து போலிருக்கிறது
என்று கணக்குப் போட்டேன்.
மாட்டுக்கு வைக்கிற உப்பு, மூன்று மூட்டை,
அவள் இடத்தில் அடுக்கி சீட் பெல்ட்டும் போட்டேன்.
முதல் திருப்பத்திலேயே
டொக்டொக்.

சொன்னதும் சிரிக்கவில்லை அவள்.
கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.
"உப்பு மூட்டைக்காக யாராவது மெதுவாகத் திருப்புவானா?
நான் இருந்தால் நீ வேறு ஆள் மாதிரி ஓட்டுகிறாய்.
சாவியைக் கொடு."

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது.
நான் அடியில், பனி கரைந்த சரளையில் மல்லாந்து,
வாயில் டார்ச்.
மேலே அவள் ஸ்டியரிங்கை இடமும் வலமும்
ஈரத்துணி முறுக்குவதுபோல் முறுக்கினாள்,
எதையோ சேர்த்துவைத்திருந்தவள் மாதிரி.

டிராக் பார் சேசிஸோடு சேருகிற இடத்தில் கை வைத்தேன்.
காதுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்தது.
ஒரு முடி அகலம்.
போல்ட் நகரவே இல்லை. துளைதான் வளர்ந்திருந்தது,
வட்டம் முட்டையாகி
அதற்குள் இரும்பு போய்ப் போய் வந்தது.

எனக்கு அந்த இரவு ஞாபகம் இருக்கிறது.
டார்க் ரெஞ்ச் எட்டடி தூரத்தில்.
குளிர்.
போதும் என்று சொல்லி
ஸ்பேனரை வைத்த இடம் இதுதான்.

கோய் ஆபர்நாத்தி கனமான வாஷர் வைத்துப் பற்றவைத்தான்.
கூலிக்கு எல்க் இறைச்சி, ஒரு தொடை.
"இதுக்கா ஏழு வாரம்?" என்றான்.
பதில் சொல்லாமல் இறைச்சியை இறக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜனெல் பக்கத்தில்.
மளிகைக்கடைத் திருப்பம்.
தனியாக இருந்தால் எப்படித் திருப்புவேனோ
அப்படித் திருப்பினேன்.
சத்தம் இல்லை.
காப்பி முழுக்க அவள் மடியில்.

திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.
அவள் தலையைச் சாய்த்து, கையை உயர்த்தி,
"இரு" என்றாள்.
"பின்னால். வலப்பக்கம். கீச்சென்று ஒன்று."

எனக்குக் கேட்கவில்லை.