கொடியில் பதினொன்று

பீல் நகர மருத்துவமனை நிலவறையில்
கிழமைக்கு ஐந்து நாள் விரிப்புத் துவைப்பவள் நான்.
இரண்டு கிழமை லீவு கேட்டேன்,
ஆண்டவருக்கு ஊழியம் செய்ய என்று.
எகிவில்லுக்கு மேலே, மாட்டு மணி ஓயாத மலைவீட்டில்
பாஸ்டர் ஜெபரட்ணம் வேலை பிரித்தார்:
கிறிஸ்டபெல் அக்காவுக்கு அடுப்படி,
யோகதாசனுக்குக் கிற்றாரும் பந்தும்,
எனக்குத் துவைப்பு.
கர்த்தருக்கும் என் தொழில் தெரிந்திருக்கிறது.

மல்தோவாவிலிருந்து இரண்டு நாள்
பேருந்தில் உட்கார்ந்தே வந்த பிள்ளைகள், இருபத்தாறு பேர்.
விடுதியில் ஒரே கத்தரி
எல்லாத் தலையிலும் ஒரே அவசரத்தில் ஓடியிருந்தது.
இறங்கியதும் ஒருவரும் ஓடவில்லை.
எங்கே நிற்கலாம் என்று கேட்டார்கள்.

முதல் விடியலில் ஏழு விரிப்பு நனைந்திருந்தது.
கையேட்டில் எழுதியிருந்தபடியே செய்தேன்:
கேள்வி கேட்காதே,
மற்றவர் எழும்புமுன் மாற்று, சிரித்த முகமாய் இரு.
கையேடு எழுதியவருக்குக் கொடியைப் பற்றித் தெரியாது.
உலர்த்தும் இயந்திரம் பழுது. ஆள் வருவான், வருவான்.
கொடியோ சாப்பாட்டறை ஜன்னலுக்கு நேரே.
பாணைப் பாலில் தோய்த்தபடி
பெரிய பையன்கள் வெளியே எண்ணினார்கள்,
பிறகு மேசையைச் சுற்றி எண்ணினார்கள்.
விரல் டோரினில் வந்து நின்றது.
ஒன்பது வயது. கோப்பையைத் தள்ளிவைத்தான்.
மறுநாள் அவன் விரிப்பைத்
தேடித் தேடி எடுத்தேன்,
சப்பாத்துத் தட்டுக்குப் பின்னால்,
ஈரப் பந்தாய்.

அன்றிரவு எனக்கு ஜெபம் வரவில்லை.
எழுந்துபோய்
என் விரிப்பைக் குழாயடியில் பிடித்தேன்.
காலையில் அது முதலாவதாய்த் தொங்கியது,
மூலையில் என் பெயர் தைத்த துண்டோடு.
கிறிஸ்டபெல் அக்கா கரண்டியோடு வெளியே வந்தவ,
கொடியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா,
"முட்டை கருகுது" என்று உள்ளே போய்விட்டா.
மறுநாள் அவவின் பூப்போட்ட விரிப்பு.
அதற்கடுத்த நாள் யோகதாசனுடையது,
அவன் கொஞ்சம் கூடுதலாகவே நனைத்திருந்தான்.
வெள்ளிக்கிழமை பாஸ்டருடையது,
மனைவி மடித்துத் தந்தனுப்பிய நீலக்கோட்டு விரிப்பு,
சொட்டுச் சொட்டாய், பதினொன்றாவதாக.

பால் கொண்டுவந்த ஸ்டுக்கி
கானை இறக்கிவைத்து நின்றார்.
எண்ணினார்.
"உங்கள் சபையில் இரவில் நிறையத் தேநீர் குடிப்பீர்களோ?"
பாஸ்டர் தொண்டையைச் செருமினார்.
"ஓம், நிறைய."
அவர் அந்தக் கிழமை செய்த பிரசங்கங்கள்
ஒன்றும் எனக்கு நினைவில்லை.

ஜன்னலில் எண்ணுவது நின்றுபோயிற்று.
எண்ணி என்ன செய்வது,
விரல் எங்கே போய் நிற்கும்?

கடைசிக் காலை.
பேருந்து இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.
டோரினின் கட்டிலைத் தொட்டுப் பார்த்தேன்.
மெத்தை காய்ந்திருந்தது. மூன்று தரம் தொட்டேன்.
ஆனால் விரிப்பைக் காணவில்லை.

குழாயடியில் நின்றான்.
காய்ந்த விரிப்பைத் தண்ணீரில் முக்கி,
பல்லைக் கடித்துப் பிழிந்து,
எட்டாத கொடிக்கு எம்பி எம்பி,
என்னுடையதற்குப் பக்கத்தில் போட்டான்.
பிறகு ஈரக்கையால் என் முழங்கையைத் தட்டி
ஏதோ சொன்னான், தாழ்ந்த குரலில்,
பெரியவர்கள் துக்கவீட்டில் பேசுவதுபோல.

மொழிபெயர்க்க வந்த வியோரிகா
சிரிப்பதா விடுவதா என்று தெரியாமல் சொன்னாள்:
"கவலைப்படாதீர்கள், வளர வளரப் போய்விடுமாம்."

எனக்கு நாற்பத்தாறு.
தலையாட்டினேன்.
முழுப்பொய் என்றும் சொல்ல முடியாது.
இடம்பெயர்ந்து கோயில் மண்டபத்தில் படுத்த மாதங்களில்,
ஷெல் விழுந்த இரவுகளுக்குப் பின்,
என் பாய் காலையில் வெயிலில் கிடக்கும்.
யார் அலசினார்கள் என்று
நான் யாரிடமும் கேட்டதே இல்லை.

பேருந்து வளைவில் மறைந்து
ஒரு மணித்தியாலம் கழித்து
உலர்த்தும் இயந்திரம் திருத்துகிறவன் வந்தான்,
மன்னிப்புக் கேட்டபடி.
உள்ளே விட்டேன்.
கொடியில் இருந்ததை மட்டும்
அதற்குக் கொடுக்கவில்லை.